குளத்து மீனில் எந்தப் புழு?

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, குளங்கள் வற்றிக்கொண்டு வருகின்றன. மீன் ஒட்டுண்ணிகளைக் கொண்டு கந்தளாய்க் குளத்தையும் அதற்குக் கீழேயுள்ள வயல் வடிச்சல் வாய்க்காலையும் ஒப்பிடப்போகிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோஷம். நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் குளமல்லவா, யாராவது செய்யத்தான் வேண்டும்.

ஆனால் "புழு கூடினால் மாசும் கூட" என்று எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. ட்ரைக்கோடினா என்பது மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒற்றைக்கல உயிரி, பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. கழிவு சேரும் நீரில் அது பெருகும். செவுளில் ஒட்டும் ஒற்றைவிருந்தோம்பித் தட்டைப்புழுக்களும் (வேறு விலங்கு தேவைப்படாமல் மீனிலேயே வாழ்ந்து முடிப்பவை) மீன் சோர்ந்தால் பெரும்பாலும் கூடும், உலோக நஞ்சு மிஞ்சினால் அவையும் குறையும். நத்தை வழியாக வரும் தட்டைப்புழுக்கள் வேறு வகை. அவற்றின் வாழ்க்கைக்கு நத்தை, மீன், பல இனங்களில் நீர்க்காகமோ கொக்கோ, எல்லாமே அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். நத்தையிலிருந்து வெளிவரும் நீந்தும் இளம்புழு ஒன்றும் தின்னாமல் ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். அந்த ஒரு நாளில் பூச்சிமருந்து பட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் விராலின் தசையில் அவற்றின் இளம்புழு அடங்கிய கூடுகள் பலவகையாக இருந்தால் எனக்கு நிம்மதி. அவை இல்லாமல் செவுள் முழுக்க ட்ரைக்கோடினா இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

திலாப்பியாவை மட்டும் நம்பாதே. வெளியிலிருந்து வந்த மீன், தன் பழைய ஒட்டுண்ணிகளில் பலவற்றை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும். இங்கத்தைய இனம் ஒன்றையும் சேர்த்துக்கொள்.

ஓரிடத்துக்கு 30 மீன் எடு. பத்தில் ஒரு மீனில் இருக்கும் ஒட்டுண்ணி கண்ணில் படுவதற்கு 95% வாய்ப்புக் கிடைக்க 29 மீனாவது வேண்டும். நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், பெரிய மீனில் வயதோடு புழுவும் சேரும். இரண்டு இடத்திலும் ஒரே கிழமையில் பிடி. நீர் வற்றி மீன் நெருங்கினாலே செவுள் ஒட்டுண்ணி கூடும், அதை மாசு என்று எண்ணிவிடாதே. மூதூர், கிண்ணியாப் பக்கம் போகாதே. அங்கே உப்பேறிய நீரே ஒட்டுண்ணிகளை மாற்றிவிடும்.

மீனை உயிரோடு, பிடித்த இடத்துத் தண்ணீரிலேயே கொண்டுவா. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ட்ரைக்கோடினா செத்துவிடும். ஐஸ்பெட்டியில் ஒன்றாகப் போட்டால் செவுள் புழுக்கள் உதிர்ந்து எந்த மீனுடையது என்றே தெரியாமல் போகும். வேறு வழியில்லையென்றால் மீனுக்கு ஒரு பை, பைக்குள் இருக்கும் நீரையும் பார்.

முதலில் தோலையும் செவுளையும் லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் 100 மடங்கில் பார். பிறகு செவுள் வளைவுகளை, பக்கத்துக்கு நான்கு, வெட்டித் தட்டில் பரப்பி 20 முதல் 40 மடங்கில் எண்ணு. குடலை லீற்றருக்கு 7 கிராம் உப்புக் கரைத்த நீரில் நீளவாக்கில் திற.

குடலில் முள்தலைப் புழு, அதாவது கொக்கிகள் உள்ள தும்பிக்கையால் குடற்சுவரைப் பற்றியிருக்கும் புழு, கிடைத்தால் அவசரப்பட்டு ஸ்பிரிட்டில் போட்டுவிடாதே. தும்பிக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், கொக்கிகளை எண்ண முடியாது, இனமும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வெறும் நீரில் சில மணிநேரம் வை, தும்பிக்கை வெளியே நீண்டுவிடும். அதன் பிறகு 70% அல்ககோல்.

உலோகம் அளக்க மிகச் சிறந்தது இந்தப் புழுதான். 1990களில் ஜெர்மனியில் ஓர் ஆற்று மீனின் முள்தலைப் புழுவில், அதே மீனின் தசையைவிட 2700 மடங்கு ஈயம் இருந்ததைக் கண்டார்கள். ஈயம் ஈரலிலிருந்து பித்தநீரோடு குடலுக்கு வரும். குடலே இல்லாத இந்தப் புழு பித்த உப்புகளோடு சேர்த்து அதைத் தன் உடல் சுவரால் உறிஞ்சிவிடும். தண்ணீரில் கருவிக்கு எட்டாத அளவு ஈயம் இருந்தாலும் புழுவில் தெரியும். உலோகம் அளக்கவென்று வைக்கும் புழுக்களை மட்டும் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து உறையவிடு. எஃகு இடுக்கியும் போமலினும் அளவைக் கெடுக்கும்.

கணக்கில் புழு இல்லாத மீன்களையும் எழுது. எத்தனை வீதம் மீனில் இருந்தது, இருந்த மீனில் சராசரி எத்தனை, இரண்டையும் தனித்தனியாகக் காட்டு. கரையில் நத்தைகளையும் நீர்க்காகங்களையும் எண்ணி அதே தாளில் குறித்துவிடு. பறவையே வராத இடத்தில் தட்டைப்புழு இல்லையென்றால் அதற்குப் பூச்சிமருந்துதான் காரணம் என்று சொல்ல முடியாது.

முதல் பத்து மீனின் தாளை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்