அடையாறு முகத்துவாரத்தில் நடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்கை நடை என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்கு வரும் அன்பர்களே, வணக்கம்.

எப்போதும் காலை ஆறரைக்கே வரச் சொல்கிறீர்கள். பறவைக்கு அது நல்ல நேரம்தான், சேற்றுக்கு அப்படி இல்லை. கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. இந்த ஞாயிறு ஆறரைக்கு வெளியே தெரியும் சேறு, அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கும்.

என் மகளோடு வந்த அன்று அப்படித்தான் ஆனது. முப்பது பேர் உடைந்த பாலத்துப் பக்கம் வரிசையாக நடந்தோம். பவளக்கால் உள்ளானையும் சின்னக் கொக்கையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். கரையில் இறங்க இடமே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வற்றம் பார்த்து நாங்களே போனோம். சேற்றின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்தோம். முதலில் வளைகள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடில் நண்டுகள் எட்டிப் பார்த்தன. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிது. அதை உயர்த்தி உயர்த்திப் பெண்ணை அழைக்கிறது. சாப்பிடுவதற்கு அது உதவாது, மறு பக்கத்துச் சின்னக் கொடுக்கால்தான் சேற்றை அள்ளி வாயில் வைக்கும். பெண்ணுக்கு இரண்டுமே சின்னது, இரண்டு கையாலும் மாறி மாறி உண்ணும். இரை எடுத்தபின் மிச்சத்தைக் கடுகு போல உருட்டி வளையைச் சுற்றிப் போட்டிருந்தன. மகள் இருமியதும் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன. இதை முப்பது பேரோடு பார்க்கவே முடியாது.

அதனால் கேட்கிறேன்: நாளைக் குறிக்கும் முன் வற்றம் எப்போது என்று பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சேறு இன்னும் அதிகம் வெளிப்படும். ஆனால் மணல் வந்து ஆற்றின் வாயை அடைத்துவிட்டால் கடல் உள்ளே ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. அது எந்த அட்டவணையிலும் இருக்காது. ஊரூர்க் குப்பத்து மீனவர்களைக் கேட்டால், வாய் திறந்திருக்கிறதா என்று உடனே சொல்வார்கள். அவர்களில் ஒருவரையே வழிகாட்டியாக அழையுங்கள், தயவுசெய்து கூலியும் கொடுங்கள்.

அப்புறம், ஒரு நடைக்குப் பத்து பேர் போதும். சேற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். அப்படி ஒரு நடை வைத்தால் முதல் பெயராக என் மகள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பெசன்ட் நகர்வாசி ஒருவர்