பாஸ்வேர்டு அவருடையது, பழி உன்னுடையதா?

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஸ்டோர்ஸில் ஸ்டாக் குறைந்ததற்குப் பழியை உன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

காண்டிராக்டில் வந்தவர்களுக்குப் பல கம்பெனிகளில் கம்ப்யூட்டரில் தனி ஐ.டி. கிடையாது. பெர்மனென்ட் ஒருவரின் பாஸ்வேர்டிலேயே சரக்கு வரவைப் பதியச் சொல்வார்கள். 500 போல்ட் வந்த இடத்தில் 5,000 என்று ஏறிவிட்டால் அங்கே நிற்பது அவர் பெயர்தான். ஆனால் "நான் போடல, அந்தப் பொண்ணு போட்டுச்சு" என்று ஒரே பேச்சில் கழன்றுகொள்வார். மறுக்க உன் கையில் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

தனி ஐ.டி. வேண்டும் என்று இன்சார்ஜுக்கு மெயில் போடு. வாயால் கேட்டது கேட்காததற்குச் சமம். கிடைக்கும் வரை ஒரு நோட்டு வைத்துக்கொள்: தேதி, நேரம், இன்வாய்ஸ் எண், நீ எண்ணிப் பார்த்த எண்ணிக்கை, யாருடைய ஐ.டி., யார் போடச் சொன்னார்கள். ஷிப்ட் முடியும்போது, யாருடைய ஐ.டி.யில் போட்டாயோ அவருக்கு ஒரு மெசேஜ்: "சார், இன்று 14 பதிவு போட்டிருக்கிறேன். ஒரு இன்வாய்ஸில் 20 எண்ணம் குறைவு, பார்த்துக்கொள்ளுங்கள்." தினமும் போகிற மெசேஜ் யாருக்கும் உறுத்தாது. தகராறு வந்த மறுநாள் முதல் தடவையாகப் போனால்தான் உறுத்தும். ஸ்க்ரீனை மட்டும் போட்டோ எடுத்துவிடாதே. கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் அந்த ஒரு போட்டோவே உன்னை வீட்டுக்கு அனுப்பப் போதும்.

அடுத்தது, உனக்கு இரண்டு முதலாளி. வேலை சொல்வது கம்பெனி இன்சார்ஜ். சம்பளம், லீவு, பி.எஃப். எல்லாம் காண்டிராக்டர். இவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்வதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். லீவை இன்சார்ஜிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் காண்டிராக்டர் கணக்கில் அது ஆப்சென்ட். காண்டிராக்டரின் சூப்பர்வைசரிடம் மட்டும் சொன்னால் "சொல்லாமல் கொள்ளாமல் நின்னுட்டா" என்று இன்சார்ஜ் எழுதுவார். ஒரே மெசேஜை இரண்டு பேருக்கும் அனுப்பு. சம்பளக் குறையை இன்சார்ஜிடம் கொண்டுபோகாதே. அவரால் ஒன்றும் ஆகாது, காண்டிராக்டர் காதுக்கு மட்டும் போய்ச் சேரும். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். காண்டிராக்டர் கைவிரித்தால் கம்பெனியே கொடுக்கக் கடமைப்பட்டது என்பது சட்டம். அப்போது எச்.ஆருக்கு எழுதலாம், தனியாக அல்ல, நாலைந்து பேராகச் சேர்ந்து.

பஞ்ச் விழாத நாளை அன்றைக்கே சரிசெய்துவிடு. உன் வருகையை வைத்துத்தான் காண்டிராக்டர் பில் போடுகிறார். பில் போன பிறகு அந்த ஒரு நாள் சம்பளத்துக்காக யாரும் அலையமாட்டார்கள்.

கேன்டீன் விஷயம். பெர்மனென்ட்களுக்குள் இரண்டு கோஷ்டி என்கிறாய். இரண்டு பக்கமும் உன்னிடம் இனிக்க இனிக்கப் பேசுவதற்குக் காரணம், அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் வர ஒரு ஆள் வேண்டும். ஒரே மேசையில் தினமும் உட்காராதே. "எனக்குத் தெரியலைண்ணா" என்பது அங்கே நல்ல பதில். "உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன்" என்று சொல்லித் தன் வேலையைத் தள்ளிவிடுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இரு. அந்த முடிவு அவர் கையில் இல்லை.

பெர்மனென்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். ஆட்களை இடையில் நிறுத்தி மறுபடி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காண்டிராக்டர் வழியாகப் போனவர்களுக்கு இது தானாக வராது. காண்டிராக்ட் வெறும் பெயருக்குத்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்த நாள் வந்தால் உதவுவது சம்பளச் சீட்டும் ஐ.டி. கார்டும் நீ வைத்திருக்கும் நோட்டும்தான். மாதாமாதம் சீட்டை வாங்கி எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.

பி.எஃப். உன் பங்கு 12 சதவீதம். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் ஆப்பில் பாஸ்புக்கைப் பார்த்தால் கட்டினார்களா என்று தெரியும். காண்டிராக்டர் மாறினாலும் உன் யு.ஏ.என்., அதாவது உன் பி.எஃப். எண், அதேதான் இருக்க வேண்டும். புதிதாக ஒன்று திறக்க விடாதே; பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் கேட்கும்போது துண்டுதுண்டாய் நிற்கும். ஈ.எஸ்.ஐ.க்கு உன்னிடம் பிடிப்பது 0.75 சதவீதம். அந்த கார்டைப் பையிலேயே வைத்திரு.

இன்னொன்று, போனில் நீ சொல்லத் தயங்கியது. யாராவது வரம்பு மீறினால் "காண்டிராக்ட்தானே" என்று சும்மா இருக்காதே. வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகப் பெண்களுக்கும் சேர்த்துத்தான். இந்தப் புகாரை விசாரிக்கிற கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் என்பதை நோட்டீஸ் போர்டில் பார்த்து நாளைக்கே எழுதி வைத்துக்கொள்.

மெயில் போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு. இரவு ஒன்பதுக்கு மேல் பண்ணு, அப்போதுதான் அம்மா சீரியல் பார்த்து முடித்திருப்பாள்.

அன்புடன்
அப்பா