‘பணியால் வந்ததல்ல’ என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பேரையூர் பக்கம் எங்கள் ஊர். காலாட்படையில் 24 வருடம் இருந்துவிட்டு 2009-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டில் இரண்டு முழங்காலையும் பார்த்து, மூட்டுத் தேய்மானம், 20 சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று எழுதினார்கள். சரி, ஊனமுற்றோர் பென்ஷன் வரும் என்று இருந்தால், பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது, காரணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. சேரும்போது இதே காலைத் தட்டிப் பார்த்து, ஓடவிட்டுத்தானே எடுத்தார்கள்? லடாக்கில் லே பக்கம் முதுகில் சுமையோடு ஏறி இறங்கியது என் சொந்த வேலைக்கா? இப்போது டவுன் பஸ்ஸில் ஏற, கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலைக் கையால் தூக்கிப் படியில் வைக்கிறேன்.

அந்தக் கடிதத்தை ட்ரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. 2013-ல் தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. அவருக்கு வந்தது வலிப்பு நோய், ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இது என் காதுக்கு வரவே மூன்று வருடம் ஆனது. அப்புறம் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடி, கடைசியில் சென்னையில் உள்ள ஆயுதப்படை தீர்ப்பாயம். இந்தக் காலோடு எத்தனை ராத்திரி ரயில்!

ஜெயித்தேன். 2014-ல் உச்ச நீதிமன்றம் தந்த ராம் அவ்தார் தீர்ப்பின்படி 20 சதவீதத்தை 50 ஆக்கிக் கணக்கிட்டார்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, அதாவது எனக்கு 6 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 15. ஆனால் நிலுவைத் தொகை, வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடத்துக்கு மட்டும். பெட்டிக்குள் கிடந்த மற்ற வருடங்கள் போனது போனதுதான்.

தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும் ஆளாளுக்குத் தனித்தனியாக ஏன் கோர்ட் ஏற வேண்டும்? மறுப்பதானால் டாக்டர் என்ன காரணம் சொன்னார் என்பதையும், எத்தனை மாதத்துக்குள் எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தமிழில் ஒரு தாள் வைத்து அனுப்பட்டும். 2023 செப்டம்பருக்குப் பிறகு படையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு விதிகள் மாறியிருக்கின்றன, அவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தையும் மெடிக்கல் போர்டு நகலையும் இந்த வாரமே வெளியே எடுங்கள்.

– முன்னாள் ஹவில்தார், பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்