விளக்கு தெரிகிறதே என்று இறங்கிவிடாதீர்கள்: வான்கூவரில் மலையேற்றம் ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ஹைக்கிங், யார் யார் வர்றீங்க?" என்று கேட்டு, கார் எத்தனை, ஆள் எத்தனை என்று பட்டியல் போடும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் இந்த மடல். கூட வருகிறவர்களுக்கு நான் எழுதவில்லை. அவர்களுக்கு மலையைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன மாதம் வந்து இறங்கிய பிள்ளைக்கு "நம்ம ஆளுங்க போறாங்க" என்பதே போதுமான தைரியம். அந்தத் தைரியத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

நீங்கள் செய்வது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. பேஸ்மென்ட் அறை, வகுப்பு, பகுதி நேர வேலை என்று ஓடும் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாளாவது வெளியே இழுத்துப் போக யாராவது வேண்டும். ஆகவே நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றத்துக்குப் போடுகிற திட்டத்தை இறக்கத்துக்கும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம்மை ஏமாற்றுவது வான்கூவருக்கு வடக்கே உள்ள இந்த மலைகள் அவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான். டவுன்டவுனில் சீபஸ் என்கிற பயணிகள் படகில் ஏறினால் சுமார் 12 நிமிடத்தில் எதிர்க்கரையில் லான்ஸ்டேல் கீ. அங்கிருந்து 236-ஆம் எண் பஸ் கிரவுஸ் மலை அடிவாரத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. கையில் காபி ஆறுவதற்குள் மலைக்கு வந்துவிட்டோம் என்றால் மனம் அதைப் பூங்கா என்றுதான் நினைக்கும். ஆனால் பக்கத்திலுள்ள சீமோர் மலையின் உச்சி 1,449 மீட்டர், நகரமோ கடல் மட்டத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும். கீழே 5 டிகிரியில் மழை பெய்கிறது என்றால் மேலே பனி கொட்டுகிறது என்று அர்த்தம். ஜூனில்கூட உச்சிப் பாதைகளில் பழைய பனி கெட்டியாகக் கிடக்கும். அப்புறம், இந்த மலைகளின் பின்பக்கத்தில் வீடு இல்லை, கடை இல்லை. நகரத்துக்குக் குடிநீர் தரும் கப்பிலானோ, சீமோர் நீர்ப்பிடிப்புப் பகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. பொதுமக்கள் நுழையத் தடை. தவறி அந்தப் பக்கம் இறங்கினால் எதிரே வர ஒரு ஆள் கிடையாது.

இதைவிடப் பெரிய ஏமாற்று நகரத்து விளக்குகள். மடலின் தலைப்பில் அதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது பாதை தவறிவிட்டது என்று வையுங்கள். கீழே நகரம் ஜொலிக்கிறது. "அதோ தெரியுது, நேரா இறங்கினா போயிடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். கூட்டத்தில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். இறங்கத் தோதாகத் தெரிவது ஓடைப் பள்ளம்தான், மரமும் புதரும் அங்கே குறைவு. முதல் நூறு மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் பாசி பிடித்த பாறைகள், விழுந்து கிடக்கும் மரங்கள். கைகளை ஊன்றி, உட்கார்ந்து, சறுக்கி இறங்குவார்கள். ஓரிடத்தில் ஓடை அருவியாக விழும். கீழே போக வழியில்லை, சறுக்கி வந்த ஈரப்பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. பள்ளத்துக்குள் செல்போன் சிக்னலும் இருக்காது. மேலிருந்து தேடுகிறவர்களுக்குப் பாறையும் மரமும் மறைக்கும். நார்த் ஷோர் என்கிற இந்த மலைப் பகுதியில் தொலைந்துபோகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது இப்படித்தான். சைப்ரஸ், சீமோர் இரண்டு மலைகளிலும் இந்த மாதிரிப் பள்ளங்கள் இருக்கின்றன. விளக்கு தெரிகிறது என்பதற்காக வழி இருக்கிறது என்று ஆகிவிடாது.

வழி தவறினால் செய்ய வேண்டியது எளிது, ஆனால் மனம் ஒப்பாது. நிற்க வேண்டும். கடைசியாகப் பார்த்த பாதைக் குறியீடு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அதுவரை திரும்பி ஏற வேண்டும். இல்லையென்றால் அங்கேயே இருந்து அவசர எண் 911-க்கு அழைத்துப் போலீசைக் கேட்க வேண்டும். இதைக் கிளம்பும் முன் பார்க்கிங்கிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இருட்டில், பயத்தில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அழைப்பது பற்றி நம் ஆட்களிடையே ஒரு தயக்கம் இருக்கிறது. ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும், போலீஸ் வந்தால் வீசாவுக்குப் பிரச்சினை ஆகும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தேடிக் காப்பாற்றுவதற்குக் காசு வாங்குவதில்லை. இங்கே தேடி வரும் நார்த் ஷோர் ரெஸ்க்யூ 1965-இல் தொடங்கிய தன்னார்வ மீட்புக் குழு. வருகிறவர்கள் சம்பளம் வாங்காமல், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்கள். 911-இல் போலீசைக் கேட்கச் சொல்வது ஏனென்றால் மீட்புக் குழுவை அழைக்கும் பொறுப்பு இங்கே போலீசிடம் இருக்கிறது, உங்கள் மேல் வழக்குப் போட அல்ல. காயம்பட்டு ஆம்புலன்சில் ஏறினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அது வேறு கணக்கு. "காசு கேட்பார்களோ" என்று யோசித்துக்கொண்டே பேட்டரி தீரும்வரை இருந்துவிட்டு, நள்ளிரவில் அழைப்பதுதான் எல்லோருக்கும் ஆபத்து. மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வர முடியாது, அவர்கள் நடந்துதான் வர வேண்டும். பல வருடங்கள் அந்தக் குழுவை நடத்திய டிம் ஜோன்ஸ் 2014 ஜனவரியில் சீமோரிலிருந்து இறங்கும் வழியிலேயே சரிந்து இறந்தார். சீமோரின் இரண்டாம் உச்சிக்கு இப்போது அவர் பெயர்தான். அடுத்த முறை அங்கே நின்று செல்ஃபி எடுக்கும்போது கூட வந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். குழுவில் வருகிற இடங்களைப் பார்த்தால் படத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று தெரிகிறது. சைப்ரஸ் பக்கத்து உச்சியான செயின்ட் மார்க்ஸ் சம்மிட் அதில் முதலிடம். பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே ஹவ் சவுண்ட் என்கிற கடல் நுழைவும் தீவுகளும் தெரிய ஒரு படம். அழகுதான், மறுக்கவில்லை. போய்வர 11 கிலோமீட்டர், ஏற்றம் 460 மீட்டர், பழகியவர்களுக்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதல்முறை வருகிறவர்கள், பிரியாணிப் பொட்டலம், ஆளாளுக்கு முப்பது போட்டோ என்றால் ஆறரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொன்றுக்கு "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஆரம்பித்தால் கணக்கு எங்கே இடிக்கும் என்று பாருங்கள். ஜூனில் இங்கே 16 மணி நேரம் பகல். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஜூலையில் சமாளித்த அதே கிளம்பும் நேரம் அக்டோபரில் உங்களைக் காட்டுக்குள் இருட்டில் நிறுத்திவிடும்.

ஒரு அக்டோபரில் அந்தப் பாதையில் நான் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ்க் கூட்டம் எதிரே ஏறி வந்தது. வெயில் அப்போதே மரங்களுக்குக் கீழே போய்விட்டது. முன்னால் போனவர்கள் சிரித்துப் பேசியபடி கடந்து போனார்கள், ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு. (காட்டில் ஸ்பீக்கர் பற்றி எனக்குத் தனியாக ஒரு மடலே இருக்கிறது, அது வேண்டாம்.) வெகுநேரம் கழித்து ஒரு பெண் தனியாக வந்தார். கேன்வாஸ் ஷூ, நனைந்த ஜீன்ஸ், கையில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமுள்ள பாட்டில். "அண்ணா, இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார். அவர் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. முன்னால் போனவர்களுக்கு அழைத்தால் சிக்னல் இல்லை. பின்னால் வேகமாக ஏறி வந்த ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை நான் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சொல்லி அனுப்பியது அவர்களிடம் சேரவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி அவர்கள் இறங்கி வந்து, பார்க்கிங்கில் அவரைப் பார்த்த பிறகுதான் ஆள் ஒன்று குறைந்திருந்தது என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்ல பிள்ளைகள்தான். எண்ணிப் பார்க்கும் வேலையை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்த வேலையைக் கொடுங்கள். வழி தெரிந்த ஒருவர் கடைசியில் நடக்க வேண்டும். அவரை யாரும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் எல்லாம் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே நகர வேண்டும். வேகமாக நடக்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேகம் காட்ட ஆசைப்படுகிறவர்களைக் கிரவுஸ் கிரைண்டுக்கு அனுப்புங்கள். அது 2.5 கிலோமீட்டரில் 800 மீட்டர் ஏறும் படிக்கட்டு மாதிரியான பாதை. ஏற மட்டும்தான் அனுமதி, இறங்குவதற்குக் கம்பியில் தொங்கிப் போகும் கொண்டோலா வண்டிக்கு டிக்கெட் காசு வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கதவை மூடிவிடுவார்கள். மூடிய கதவின் வேலியைத் தாண்டிப் போவதை வீரம் என்று குழுவில் பாராட்டாதீர்கள்.

திரும்பும் நேரம் என்று ஒன்றைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி என்றால் இரண்டு மணி, உச்சி இன்னும் பத்து நிமிடத்தில் இருந்தாலும் சரி. அங்கேதான் எல்லோரும் கெஞ்சுவார்கள், நீங்களும் இளகுவீர்கள். இளகாதீர்கள். ஏற்பாட்டாளர் என்று ஒருவர் இருப்பதே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒன்று, மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை நூல் மேலாடை. பருத்தி நனைந்தால் குளிரை உள்ளே இழுக்கும், ஜீன்ஸ் அதைவிட மோசம். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் 911-க்கு அழைக்கப்போவது அவர்தான். குளிர்காலம் என்றால் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு தினமும் போடும் பனிச்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் சீமோர் உச்சி பற்றிப் பேசவே வேண்டாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று யாராவது கேட்டால், "மெதுவா வரலாம், பரவாயில்லை" என்று சொல்லி சைப்ரஸுக்கு அழைத்துப் போகாதீர்கள். ரைஸ் லேக் இருக்கிறது. ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் அளவில் சமதளப் பாதை, செருப்போடு நடக்கலாம், மரங்களும் பெரிது. டீப் கோவ் பக்கம் குவாரி ராக் போனால் கடலும் தெரியும், சின்ன ஏற்றம்தான். லின் கேன்யனில் தொங்கு பாலத்துக்கு டிக்கெட் இல்லை என்பதால் நம் கூட்டம் அங்கே அதிகம். பாலத்தோடு நின்றுகொள்ளட்டும். கோடையில் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் குதிக்கத் தோன்றும். ஆனால் அது மலையிலிருந்து வரும் ஐஸ் தண்ணீர், அடியில் இழுப்பும் உண்டு. நீந்தத் தெரிந்தவர்களே அங்கே இறந்திருக்கிறார்கள்.

சைப்ரஸுக்கும் சீமோருக்கும் மேலே வரை வழக்கமான நகரப் பஸ் கிடையாது. அதாவது உங்கள் காரில் வந்தவருக்கு உங்கள் காரை விட்டால் வீடு திரும்ப வழியில்லை. உடம்பு முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், துணைக்கு இன்னொருவர் இறங்கி, அவரோடு காரில் காத்திருக்க வேண்டும். யார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அப்போதுதான் முடியாதவர் வாய் திறந்து சொல்வார். இல்லையென்றால் "என்னால எல்லாருக்கும் கெட்டுப் போச்சு" என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்.

அடுத்த பதிவில் இடத்தின் படத்துக்குக் கீழே இவ்வளவும் இருக்கட்டும்: தூரம், ஏற்றம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கடைசியில் நடப்பவரின் பெயர். அந்தக் கடைசி வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், வருகிறேன். காரில் முன் இருக்கை மட்டும் கொடுத்துவிடுங்கள், முழங்கால் மடக்கினால் வலிக்கிறது.

அன்புடன்,
உங்களுக்குப் பின்னால் நடந்து வருகிற ஒருவன்