பணிப் பட்டியலில் இல்லாத வேலை

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கோலாலம்பூரில் உங்கள் விளையாட்டு மன்றத்தின் புதிய செயலவை சம்பளத்திற்கு ஆட்களைக் கூட்டியும் வேலை முன்னைவிட மந்தமாக நடப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாக இருக்காது என்றே எனக்குப் படுகிறது.

இங்கே பினாங்கில், அண்மையில் நடந்த பள்ளி மாணவர் காற்பந்துப் போட்டியன்று, விடியற்காலை கொட்டித் தீர்த்த மழையில் திடலின் கோடுகள் கரைந்துபோயின. திடல் பணியாளரோ ஒருவர்தான். எங்கள் கணக்காளர் அம்மையார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பணியாளர் கயிற்றை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, சுண்ணாம்புத் தூளைக் கையால் தூவிக் கோல் கட்டத்தின் கோடுகளைப் போட்டு முடித்தார். ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியதை அறிக்கையில் எழுதினோம். யாரால் தொடங்கியது என்பதை எழுதவில்லை.

ஒப்பந்தத்தில் இல்லாத, சம்பளத்தில் நேரடியாகச் சேராத, ஆனால் கூட்டிப் பார்த்தால் ஒரு நிறுவனத்தையே தாங்கி நிற்கும் இத்தகைய செயல்களை அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் ஆர்கன் 1980களில் ஆராய்ந்து எழுதினார். சக ஊழியருக்குக் கைகொடுப்பது மட்டுமல்லாமல், பிறருக்குச் சிக்கல் வருமுன் தகவல் சொல்வது, சிறு தொல்லைகளைப் புலம்பாமல் பொறுப்பது, கூட்டங்களில் அக்கறையோடு கலந்துகொள்வது ஆகியவையும் அவர் கணக்கில் அடங்கும். 2017இல் நம் நாட்டில் நடந்த சீ விளையாட்டின் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின்) நினைவுக் கையேட்டில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகி, நம் அமைச்சர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமக்கு ஒதுக்காத பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் ஒருவரின் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரிகிறது. விளையாட்டுச் சங்கம் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. மழை பெய்த காலையில் கோடு போடுவது யார் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த போட்டிக்கான பணிப் பட்டியலில், கேட்காமலேயே, அந்த அம்மையாரின் பெயரைத் திடல் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். மனமுவந்து செய்தது கடமையாகிவிட்டது. அவரும் வந்தார், வேலையை முடித்தார், ஐந்து மணிக்குக் கிளம்பினார். முன்பெல்லாம் புதிய தொண்டர்களை உட்கார வைத்துப் பதிவுப் பாரங்களை நிரப்பக் கற்றுக்கொடுப்பாரே, அதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மீது வருத்தமில்லை. கொடுக்கிற கையையே திரும்பத் திரும்பப் பிடித்து இழுக்கும் நம் தலைவர்கள்மீதுதான் வருத்தம்.

ஆகவே, செயலவை மாறிய பிறகு உங்கள் மன்றத்தில் யார், தாமாகச் செய்துவந்த எதை நிறுத்தினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். எங்கள் பொதுக்கூட்டத்தில், திடல் வேலைக்குத் தனியாக ஒருவரை நியமிக்கும்படி நான் முன்மொழியப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பினாங்கு நண்பன்