அண்ணனுக்கு, வண்டி விஷயமாக

அண்ணே,

அப்பாவின் மோரிஸ் மைனர் வண்டியை விற்றுவிட்டேன். அப்பா திதி முடிந்த மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுத்தால்தானே? நான் இங்கே எழுதுவதை மட்டும் ஒன்று விடாமல் படிக்கிறாய் என்று அண்ணி சொன்னார். சரி, படி. நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், கோயில் தமிழ் வகுப்பில் என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் படிப்பார்கள், யாரென்றே தெரியாத சிலரும் படிப்பார்கள். அங்கங்கே பாதியில் நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன் என்றால் அவர்களுக்காகத்தான்.

ஏன் விற்றேன் என்பதும் அப்படி ஒரு பாதிப் பேச்சுதான். பெரியவனுக்கு 19 வயது. 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் என்ன அறிவித்தார்கள் என்று உனக்குத் தெரியும். அவன் இப்போது எங்கே இருக்கிறான், பணம் எதற்கு ஆயிற்று என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நன்றாக இருக்கிறான். அவ்வளவுதான்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று தெரியும். 2011இல் விற்கலாம் என்று நீ சொன்னபோது குதித்தவள், இப்போது தனக்கென்று வந்ததும் விற்றுவிட்டாள் என்பாய்.

(மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் செப்டம்பரில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால், 1995க்கும் 2002க்கும் இடைப்பட்ட மாடல் கார் ஒன்றை வெளியிலிருந்து இறக்க பெர்மிட் கிடைக்கும். பழைய வண்டி உடைப்புக்குப் போய்விடும். வருடக்கணக்காக இறக்குமதியை அடைத்து வைத்திருந்த ஊர் இது. ஓட்டைக் காருக்குக்கூட யானை விலை குதிரை விலை சொன்ன காலம். பெர்மிட் கையில் இருந்தால் அதையே காசாக்கிவிடலாம். கொல்லையில் கோழி அடைகிற வண்டியை எல்லாம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நின்றார்கள்.)

இரண்டும் ஒன்றில்லை அண்ணே. அன்றைக்குக் கொடுத்திருந்தால் அது இரும்பாகியிருக்கும். இன்றைக்கு அது ஓடுகிறது. ரங்கூனிலேயே, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் இருக்கிறது. பூ கட்டிக்கொண்டு போகும். உனக்கு அப்போது பணமுடை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மறுத்தேன். மறுத்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மறுத்தபோது ஒரு வார்த்தை சொன்னேன் பார், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"அன்னைக்கு எங்களை எல்லாம் கொல்லப் பாத்தியே, அது போதாதா? இப்ப வண்டியையும் கொல்லணுமா?"

நீ போனை வைத்தாய். அதற்கப்புறம் நல்ல நாள் வாழ்த்தும், யாராவது செத்தால் செய்தியும்தான்.

அந்த பெகு ரோடு. 1981 மாசி. அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள்களாக நின்ற நேரம். எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினாலு. (மறுபடியும் மற்றவர்களுக்கு: பர்மாவில் 1970 டிசம்பர் 6ஆம் தேதி, ஒரே நாளில், இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் வலப்பக்கம் போக வேண்டும் என்று மாற்றினார்கள். ஸ்டியரிங்கை யார் மாற்றுவது? அது வலது பக்கத்திலேயே நின்றது. முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டும் என்றால் ஓட்டுகிறவருக்கு எதிரில் வருவது தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.) அந்த இடது சீட்டு உன்னுடையது. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பிக்கும். அது அடிக்காமல் மக்கர் பண்ணினால் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் பதமாக ஒரு தட்டு தட்டுவதும் உன் வேலை. நீ திரும்பி வந்து கதவைச் சாத்தும்போது உன் முகத்தில் இருந்த பெருமையைப் பின்சீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அண்ணன் என்றால் இன்றைக்கும் முதலில் அந்த முகம்தான்.

என் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. மூடி சரியாகப் பொருந்தாது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தேன். முன்னால் ஒரு ஹினோ பஸ், கூரை மேலெல்லாம் ஆட்கள். அதன் புகை முழுக்க எங்கள் மூக்கில்தான். அப்பா இரண்டு தரம் "என்னடா?" என்று கேட்டார். மூன்றாம் தரம் நீ "போலாம்பா" என்றாய். அப்பா ஒடித்து வெளியே எடுத்தார்.

எதிரில் வந்தது என்ன வண்டி என்பதை இங்கே எழுத வேண்டாம். உனக்குத் தெரியும். அந்த மாதிரி வண்டிகள் யாருக்காகவும் ஒதுங்காது, அதுவும் உனக்குத் தெரியும்.

அப்பா பிரேக்கை மிதித்து பஸ்ஸுக்குப் பின்னால் திரும்ப நுழைந்தார். வலது முன்சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியது. ஒரு சத்தம். வண்டி காலை மடக்கி உட்கார்ந்த மாடு மாதிரி முன்னால் சாய்ந்து, அப்படியே இழுத்துக்கொண்டு போய் வயல் வரப்பில் நின்றது. புளிச்சோறு என் பாவாடையிலும் அம்மாவின் தலையிலும். அம்மா என் கை காலைத் தடவிப் பார்த்தார். அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். "கண்ணு எங்கடா இருந்துச்சு?" நீ ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போய், மட்காட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாய். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அப்பா அடிக்கவில்லை.

வண்டி சரியாகி வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு இடது சீட்டில் உட்கார வைத்தார். நீ கேட்காமலே பின்னால் போய்விட்டாய். நான் அந்த இடத்தைக் கேட்கவில்லை அண்ணே. முட்டி போட்டு நின்றால்தான் எனக்கு ரோடே தெரியும். பயத்தில், வந்தாலும் வராவிட்டாலும் "வருதுப்பா, வருதுப்பா" என்றுதான் சொல்வேன். அப்பா மாட்டு வண்டிக்குப் பின்னால்கூட ஊர்ந்துகொண்டு போவார். அதை வைத்து நீ என்னைக் கேலி பண்ணியதுண்டு. கேலிதான் என்று நினைத்தேன், பல வருடம்.

இப்போது பட்டறைக் கதை. வண்டியைக் கொல்லையிலிருந்து எடுத்து தாம்வேயில் ஒரு சயாவிடம் (பட்டறை மேஸ்திரியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டேன். மோல்மீன்காரர், எழுபதைத் தாண்டியவர், பாதி தமிழ் பாதி பர்மியம் பேசுவார். தரையில் கால் வைத்தால் ரோடு தெரிகிற நிலையில் இருந்தது. பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமெல்லாம் துரு தின்று கையில் பொடியாக வந்தது. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை எந்தப் புண்ணியவானோ டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அதைக் கழற்றுவதற்குள் சயா வெள்ளைக்காரனின் ஏழு தலைமுறையையும் பேசி முடித்தார். கரண்ட் இருக்கும் நேரம்தான் வெல்டிங், இல்லாவிட்டால் டீக்கடை. ஜப்பான் இஞ்சினைப் போட்டுவிடலாம், இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்றார். அந்த 948 சிசி இஞ்சின்தான் வேண்டும் என்று நின்றேன். கொழும்பில் இன்னும் மைனர் நிறைய ஓடுகிறது, பாகங்கள் அங்கே கிடைக்கும் என்று தெரிந்து, சென்னை வழியாகக் கொஞ்சம் வரவழைத்தேன். புதுப்பேட்டையில் தேடச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை, வேறொருவரைக் கேட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் வெயிலில் நாள் பூராவும் அலைந்து வாங்கி அனுப்பியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

ஒருநாள் சயா இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஒரு இரும்புத் துண்டை என் கையில் வைத்தார். ட்ரனியன் என்றார். சக்கரத்தைத் தாங்குகிற தண்டு கீழே மரையாக முடிந்து இதற்குள்தான் திருகி நிற்கிறது. வண்டி திரும்பும்போதெல்லாம் இந்த மரை சுழலும். முன்பாரமும் இதை நம்பித்தான். ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் இதில் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்துகொண்டே போய், ஒரு நாள் பிரேக்கிலோ பள்ளத்திலோ தண்டு கழன்றுவிடும். சக்கரம் மடிந்து படுத்துவிடும். மோரிஸ் மைனர் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதி இது என்றார். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். மரை இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. "இது அந்தக் காலத்துத் தேய்மானம். வலது பக்கம் மட்டும் யாரோ லேத்தில் கடைந்து போட்டிருக்கிறார்கள்" என்றார்.

வலது பக்கம்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பெட்ரோல் நோட்டை எடுத்தேன். கூப்பன் காலத்தில் ஒவ்வொரு கேலனுக்கும் தேதி போட்டு எழுதிவைப்பாரே, அதுதான். அதை நான் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன், அவர் கையெழுத்துக்காக. இந்த முறை வேறு ஒன்றைத் தேடினேன். 1981 மாசிக்கு முன்னால் அந்த நோட்டில் பெட்ரோல் இருக்கிறது, டயர் இருக்கிறது, பாட்டரி இருக்கிறது. கிரீஸ் என்ற சொல்லே இல்லை. அதற்கப்புறம் மாதாமாதம் இருக்கிறது. "கிரீஸ், வ.மு." என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக். வலது முன்சக்கரம். அவர் சாகிற வருடம் வரை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது அண்ணே.

தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை வரும், சக்கரம் மடிந்தது வரும், எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டறையிலிருந்து வந்த அன்று ராத்திரி அவர் படத்துக்கு விளக்கேற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் ஏற்றினேன். அவரையும் என்ன சொல்வது? அந்தக் காலத்தில் சோப்பே மக்கள் கடையில் வரிசையில் நின்று வாங்கியது. கிரீஸுக்கு அவர் எங்கே போவார்? கிடைத்திருந்தாலும் அதை வாங்குவாரா, உன் பள்ளிக்கூடப் பணத்தைக் கட்டுவாரா? இப்படியெல்லாம் அவருக்காக நான் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். உனக்காக வாதாட யாரும் இல்லாமல்தான் அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தாய்.

எதிரில் வண்டி வரும்போது "போலாம்பா" என்றது நீதான். அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை, சமாதானத்துக்காகக்கூட. ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் திரும்ப நுழைய அப்பாவுக்கு நேரம் இருந்தது. நுழைந்தும் விட்டார். சக்கரம் தாங்கியிருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும், பெகுவுக்குப் போய்ச் சேர்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருப்போம். சக்கரம் மடிந்தது உன்னால் இல்லை. நான் 2011இல் சொன்ன வார்த்தைக்கு அடியில் இருந்தது அந்தச் சக்கரம்தான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்பு என்று பெரிதாக எழுத வரவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள்.

ஆனால் நீயும் ஒன்று கேள். 1988க்கு அப்புறம் நீ போனது சரி. ஏன் போனாய், எந்த வழியாகப் போனாய் என்று நான் எழுதமாட்டேன். போகாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களிலும், காரியத்தின்போதும் வரவில்லையே, அதற்கு எந்தச் சக்கரத்தைச் சொல்வது? விசா என்றாய். அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். நானும் "என்னம்மா" என்று கேட்டுக்கொண்டு போய் நின்றேன்.

வண்டி போகிற அன்று வாங்கியவரோடு பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலுக்கு ஒரு நடை போய்வந்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசை போட்டு. அவர்தான் ஓட்டினார். நான் இடது சீட்டில். தன்லின் பாலம் தாண்டியதும் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அவர் என்னைப் பார்த்தார். அவர் சின்ன வயது, ஆட்டோமேட்டிக் வண்டியும் காமிராவும் பழகினவர். கேட்கத் தெரியாமல் முழித்தார். நான் எட்டிப் பார்த்து, ரோடு காலி என்று சொன்னேன். தாண்டினார். திரும்பும்போது பக்கவாட்டில் நீள்கிற இண்டிகேட்டர் கை வெளியே வரவில்லை, சயா அதை மட்டும் சரியாகச் செய்யவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டேன்.

பணத்தில் பாதி உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டாதே. பெரியவன் விஷயத்துக்கு என் பாதியே போதுமானதாக இருந்தது. நோட்டையும் அந்த ட்ரனியனையும் விற்கவில்லை, இரண்டும் என்னிடம்தான். நோட்டை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன், இரும்புத் துண்டை விமானத்தில் விடுவார்களா தெரியாது. பணத்தை எப்படி அனுப்புவது என்பதை மட்டும் இதன் கீழே எழுதிவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பேன். நான்தான் கூப்பிடுவேன். எடு.

தங்கச்சி