மொய் நோட்டில் ஒரு வரி

சிகாகோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, அண்ணன், அத்தை எல்லோரும் சௌக்கியம்தானே. நீ அனுப்பிய குரல் பதிவு நாலையும் கேட்டேன். மூன்றாவதில் பாதியில் நிறுத்திவிட்டாய். ஏன் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். அதனால்தான், உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராமல் போன கதையை எழுதுகிறேன். எழுத உட்காரவே மூன்று வாரம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்.

"அவளுக்கென்ன, ஏர்லைன்ஸ் வேலை, நினைத்த நேரத்துக்கு ஓசியில் ஏறி வரலாம். வர மனசில்லை" என்று உன் சின்ன மாமியார் பந்தியில் வைத்துச் சொன்னார்களாம். என் தம்பி சொன்னான். அவர்கள் சொன்னது போகட்டும். நீயும் உள்ளுக்குள் அப்படி நினைத்துவிட்டாயோ என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கு நடுவில் உன் சின்னவன் ஆகஸ்டில் படிக்க வர ஒரு பாஸ் வேறு கேட்டிருக்கிறாய். ரெண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கம்பெனி எனக்குத் தருவது டிக்கெட் இல்லை, மீனா. விற்றது போக மிச்சம் ஏதாவது இருந்தால் அதில் உட்காரலாம் என்கிற அனுமதி. நாங்கள் ஸ்டாண்ட்பை என்போம். கம்பெனிக்குள் நான்-ரெவ் என்று பெயர், அதாவது வருமானம் தராத பயணி. கல்யாண வீட்டில் வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு வீட்டு ஆட்கள் கடைசிப் பந்தியில் சாப்பிடுவோம் இல்லையா, அப்படித்தான். சோறு இருந்தால் சாப்பாடு. தீர்ந்துவிட்டால் மோரைக் குடித்துவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கடைசிப் பந்தியிலும் வரிசை உண்டு. லீவில் போகிறவர்களுக்கு வருஷத்துக்குச் சில தடவை மட்டும் மேல் வரிசையில் பெயர் வரும். அடுத்து சாதாரணமாகப் போகிற ஊழியர்கள், கணவன் மனைவி, பிள்ளைகள். பெற்றோர், ரிட்டயர் ஆனவர்கள் எந்தப் படி என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எல்லோருக்கும் கடைசியில் நண்பர்களுக்குக் கொடுக்கும் பாஸ். ஒரே படியில் பத்துப் பேர் இருந்தால் சில கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த தேதி பார்ப்பார்கள், சிலவற்றில் முதலில் செக்-இன் செய்தவருக்கு முதலிடம். எங்களுடையது சர்வீஸ் கணக்கு. எனக்கு ஒன்பது வருஷம்தான். முப்பது வருஷம் முடித்தவர் ஒருவர் கடைசி நிமிஷத்தில் பெயர் கொடுத்தாலும் எனக்கு மேலே போய்விடுவார்.

வேறு கம்பெனி விமானத்தில் போவதென்றால் இன்னும் ஒரு படி கீழே. கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, தூரத்தை வைத்து ஒரு சலுகைக் கட்டணம் வைத்திருக்கின்றன. 'ஸெட்' கட்டணம் என்று பெயர். காசு குறைவுதான், ஆனால் அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் ஏறிய பிறகுதான் நம் பெயரைக் கூப்பிடுவார்கள்.

தினமும் விமானம் ஏறுகிற கேட்டில் நின்று பெயர் கூப்பிடுகிறவள் நான். அந்த முகங்களைப் பார்த்தால் உனக்கு விளங்கும். திரையில் முழுப் பெயர் வராது. குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, பிறகு சொந்தப் பெயரின் ஒரு எழுத்து, அவ்வளவுதான். இடம் கிடைத்தால் பக்கத்தில் ஒரு டிக் விழும். யாரும் என்னிடம் வந்து கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இருபதடி தள்ளி, பையைத் தோளிலிருந்து இறக்காமல் அந்த மூன்று எழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இணைப்பு விமானத்தில் வருகிறவர்கள் ஓடி வந்துவிட்டால் டிக்கெட் வாங்கியவர்களுக்கே இடம் சரியாகிவிடும். வராவிட்டால் கடைசிக் கால் மணி நேரத்தில் அந்த இடங்கள் எங்கள் கைக்கு வரும். அதற்குள் நாலைந்து பேர் தலையெழுத்தை முடிவு செய்தாக வேண்டும். வெயில் காலத்தில் இன்னொரு கொடுமை, சீட் காலியாக இருந்தாலும் எடை தாங்காது என்று விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். காலி சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

2017 ஏப்ரலில் எங்கள் ஊர் ஓ'ஹேர் விமான நிலையத்தில் ஒரு மருத்துவரை சீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன வீடியோவை எனக்கு அனுப்பி, "உங்க ஆளுக ஓசியில் போக இப்படிச் செய்வீங்களா" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அந்த நாலு இடமும் வேண்டியிருந்தது லூயிவில்லில் அடுத்த விமானத்தை ஓட்டப் போக வேண்டிய பணிக்குழுவுக்கு. வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அப்போதும் நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு ரெண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் எங்களை மாதிரி ஸ்டாண்ட்பையில் போகிறவர்கள் காசு கொடுத்த ஒருவரையும் எழுப்பிவிட்டு உட்கார முடியாது. இத்தனை வருஷம் கழித்தாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

சரி, கல்யாணக் கதைக்கு வருகிறேன். முகூர்த்தம் வியாழன் காலை ஏழரை ஒன்பது. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன், நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு. வைகாசி முகூர்த்தம் என்றால் இங்கே ஜூன் தொடக்கம். பள்ளிக்கூடம் மூடியதும் இந்தியக் குடும்பங்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பும் நேரம். அது தெரிந்துதான் பத்து நாளாகக் காலையும் இரவும் லோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை இடம் விற்காமல் இருக்கிறது, லிஸ்ட்டில் எத்தனை பேர் என்கிற கணக்கைத்தான் லோடு என்போம். வெள்ளிக்கிழமை இரவு பார்க்கும்போது லண்டன் விமானத்தில் 31 இடம் காலி. பாப்பாவுக்கு எடுத்த அரக்குப் பட்டுப்புடவையைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். பெட்டி போடவில்லை. ஸ்டாண்ட்பையில் பெட்டி போட்டால் நாம் ஒரு ஊரில் நிற்போம், பெட்டி இன்னொரு ஊரில் நிற்கும்.

ஞாயிறு மதியம் இடியும் மழையும். முந்தின விமானம் ரத்து. அதில் போக வேண்டியவர்களை எல்லாம் என் விமானத்தில் போட்டார்கள். 31 இடம் ரெண்டாகிவிட்டது. லிஸ்ட்டில் நான் ஏழாவது. என் கூட வேலை பார்க்கிற பெண்தான் அன்றைக்குக் கேட்டில் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள். அவள் மேல் தப்பில்லை. அவள் இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

திங்கள் இரவு கடைசி வரிசையில் நடு சீட் கிடைத்தது. செவ்வாய் காலை லண்டன். மதியம் சென்னைக்கு வேறு கம்பெனி விமானம். எனக்கு முன்னால் மூன்று பேர், அதில் ரெண்டு பேரைக் கூப்பிட்டார்கள், கதவை மூடிவிட்டார்கள். சாயங்காலம் டெல்லிக்கு முயற்சி செய்தேன், அதுவும் இல்லை.

இப்போது சொல்வதைத்தான் மூன்று வாரமாக எழுத முடியாமல் வைத்திருந்தேன். அன்று ராத்திரி மும்பை போகிற ஒரு விமானத்தில் காசு கொடுத்தால் இடம் இருந்தது. 1,400 டாலர். போனில் கார்டு எண் வரைக்கும் அடித்துவிட்டேன். பிறகு நிறுத்தினேன். என் பெரியவன் கல்லூரிக்கு அந்த மாதம்தான் பணம் கட்டியிருந்தோம். நாளைக்குச் சென்னை விமானத்தில் பதினொரு இடம் காட்டுகிறது, முகூர்த்தத்துக்கு இல்லாவிட்டாலும் மறுவீட்டுக்காவது போய்விடலாம் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். அந்தப் பதினொன்றும் புதன் காலைக்குள் விற்றுவிட்டது. ஒன்பது வருஷம் இதே வேலை பார்க்கிறவள், நாளைய லோடை நம்பக்கூடாது என்று புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், அன்றைக்கு அதை நம்பினேன். வாங்கியிருக்க வேண்டும். உன் மகள் என் மடியில் வளர்ந்தவள். வாங்கியிருக்க வேண்டும் மீனா.

வியாழன் லண்டனில் விடிகாலை மூன்றே முக்கால். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. தம்பி வீடியோவில் காட்டினான். கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். கையில் அட்சதை இல்லை. பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஆசீர்வாதம் சொன்னேன். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நீ துடைக்கவில்லை, சிரித்துக்கொண்டே அழுதாய், ஹாஸ்டல் கடைசி நாளில் அழுத மாதிரியே. லீவு சனியோடு முடிகிறது. அதனால் அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

இந்த வேலையால் சந்தோஷமே இல்லை என்று நினைத்துவிடாதே. அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஃபலோவுக்கு விமானத்தில் கூட்டிப்போய் நயாகராவைக் காட்டிவிட்டு ராத்திரியே வீட்டுக்கு வந்துவிட்டோம். திரும்பும்போது முன் வரிசை காலியாக இருந்தது, அம்மாவை அங்கே உட்கார வைத்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, நெசமாவே இதுக்குத் துட்டு இல்லையா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள். அந்த ஒரு நாளுக்காகவே இந்த வேலையைக் கும்பிடலாம். போனால் போகட்டும், வந்தால் வரட்டும் என்கிற பயணத்துக்கு இதைப் போல ஒன்று கிடையாது. தேதி வைத்துப் போகிற பயணத்துக்குத்தான் இது ஆகாது.

அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வரும்போது மட்டும் காசு போட்டு முழு டிக்கெட்தான் வாங்குவேன். இந்திய பாஸ்போர்ட்டோடு நடுவில் ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டால், வெளியே வந்து ஒரு ராத்திரி தங்கக்கூட அந்த நாட்டு விசா கேட்பார்கள். எழுபத்தெட்டு வயதில் அவளை நாற்காலியில் படுக்க வைக்க முடியுமா? இன்னொன்றும் இந்தத் தடவை உறைத்தது. ஒருநாள் தம்பி போன் செய்து, "அக்கா, உடனே வா" என்பான். அன்றைக்கு நான் லிஸ்ட்டில் ஏழாவது ஆளாக நிற்க முடியாது. லண்டனிலிருந்து வந்ததும் தனியாக ஒரு கணக்குத் திறந்து, ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தைப் போட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அதை யாரும் தொடக் கூடாது.

இப்போது சின்னவன் விஷயம். பாஸ் கொடுக்க எனக்கு மனசில்லை என்று மட்டும் நினைக்காதே. வருஷத்துக்கு இத்தனை என்று எனக்கும் கொடுக்கிறார்கள், இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் அது லிஸ்ட்டில் கடைசிக்கும் கடைசி. கட்டணம், வரி என்று அதற்கும் காசு உண்டு. ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து வருகிற விமானம் எல்லாம் படிக்க வரும் பிள்ளைகளாலும் லீவு முடிந்து திரும்புகிற குடும்பங்களாலும் நிரம்பி வழியும். அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் போய் நிற்க ஒரு தேதி இருக்கிறது. ரெண்டு பெட்டி, உன் பருப்புப் பொடி, குக்கர் எல்லாம் வரும். முதல் தடவை நாடு விட்டு வருகிற பையன், டெல்லியில் மூன்று நாள் உட்கார்ந்து யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாஸில் வருகிறவர் கேட்டில் கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசினாலும் கேள்வி ஊழியரிடம்தான் வரும். அவன் அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை. ஆனால் மூன்று நாள் தூங்காமல் இருந்தால் யாருக்கும் வாய் தவறும்.

அதனால் நான் ஒன்று யோசித்திருக்கிறேன், மறுக்காதே. மாணவர்களுக்கு என்று சில கம்பெனிகள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன, அதில் கூடுதல் பெட்டியும் அனுமதிப்பார்கள். இப்போதே வாங்கினால் நல்ல விலைக்குக் கிடைக்கும். எதில் வரவேண்டும், எங்கே மாற வேண்டும் எல்லாம் நானே பார்த்துவிடுகிறேன். எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே வெளியே வரும் வாசலில் நான் நிற்பேன். அதற்கு மட்டும் ஸ்டாண்ட்பையில் வருகிறேன், ரெண்டு நாள் முன்னாலேயே கிளம்பி.

டிக்கெட்டில் பாதி என்னுடையது. கல்யாணத்துக்கு நான் வைக்க வேண்டிய மொய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மொய் நோட்டில் என் பெயருக்கு ஒரு வரி விட்டு வை. அண்ணன் வேண்டாம் என்றால், மொய் என்று சொல்லாதே, வசந்தி கடன் திருப்பிக் கொடுத்தாள் என்று சொல். எந்தக் கடன் என்று உனக்குத் தெரியும்.

தைப் பொங்கலுக்கு மதுரை வரைக்கும் எனக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். முழுக் காசு கொடுத்து, ஜன்னலோரம், சீட் நம்பரோடு. பாப்பாவையும் மாப்பிள்ளையையும் அந்த வாரம் ஊரில் இருக்கச் சொல். புடவை அலமாரியில்தான் இருக்கிறது, துண்டைக்கூடப் பிரிக்கவில்லை.

சின்னவன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும், எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வந்த கடிதத்தையும் நாளைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும், இனிஷியலோடு.

உன்
வசந்தி